ராணி ஆயில்

கம்பெனியில் எல்லோரும் அதை ‘ராணி ஆயில்’ என்று சொல்ல ஆரம்பித்த பிறகு ஆரோக்கிய பிரபுவுக்கு மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறப்பான். மனைவி கட்டிக் கொடுத்த சோறு. அந்த மனைவிதான் ராணி, முழுப் பெயர் சகாயராணி. எதிர் மேசையில் அதே குழம்பை ஊற்றி அவளும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். டிரம் உருட்டுகிறவர்களில் ஒருவர் கதவருகே நின்று, “ராணி ஆயில் சாம்பிள் ரெண்டு கேட்டாக மேடம்” என்பார். அவள் வாயில் சோற்றோடு தலையாட்டுவாள். பிரபு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிடுவான்.

தேனியிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கம்பெனி. முதலாளி வீரணன், டிராக்டருக்கும் பொக்லைனுக்கும் ஹைட்ராலிக் ஆயில் கலந்து விற்று மேலே வந்தவர். காற்றாலைக்காரர்களும் அவரிடம்தான் வாங்கினார்கள். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வெளிநாட்டிலிருந்து டின்னில் வருகிற ஏதாவது ஓர் ஆயிலைத் தேனியில் செய்து காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. வடக்கே, மலைப்பாதைகளில் பனியை வெட்டித் தள்ளும் வண்டிகள் செய்கிற கம்பெனி ஒன்று அவரிடம் கேட்டது. வண்டியின் முன்னால் பெரிய இரும்புத் தகடு. அதைத் தூக்கவும் இறக்கவும் வைக்கிற கைகள் ராத்திரி முழுக்க வெளியே, மைனஸ் ஐம்பது டிகிரியில் நிற்கும். அந்தக் கைகளுக்கு எண்ணெயைத் தள்ளுகிற பம்போ எஞ்சினை ஒட்டி உட்கார்ந்து நூற்று நாற்பது டிகிரி வரை கொதிக்கும். இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே எண்ணெய். சாதாரண ஆயில் குளிரில் நெய்யாக உறைந்துவிடும், சூட்டில் தண்ணீராக இளகிவிடும். இரண்டும் ஆகாமல் ஒரு செயற்கை எண்ணெய் வேண்டும்.

அந்த வேலையை வீரணன் லேப் தலைவரான பிரபுவிடம் கொடுத்தார். வருடங்கள் ஓடின. சூட்டைத் தாங்கிய கலவை குளிரில் உறைந்தது. குளிரில் ஓடிய கலவை சூட்டில் கைவிட்டது. ஒவ்வொரு தடவையும் பிரபு வீரணனின் அறைக்குப் போய், “இன்னும் கொஞ்சம் பக்கத்துல வந்துட்டோம்ணே” என்பான். அவரும் சளைக்காமல், “பாருங்க, பாருங்க” என்பார்.

ராணி சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் திண்டுக்கல்லில் விடுதியில் சேர்ந்த பிறகு வீட்டில் அவளுக்கு நேரம் மிஞ்சியது. லேப்பில் ஓர் ஆள் குறைந்தபோது, “ராணியக் கூப்பிட்டுப் பாப்பமாண்ணே?” என்று வீரணனிடம் கேட்டது பிரபுதான். சாம்பிள் எடுக்கவும் கண்ணாடிச் சாமான்களைக் கணக்காக வைக்கவும் நம்பிக்கையான ஓர் ஆள் என்பதுதான் அவன் மனதில் இருந்தது. எம்.எஸ்சி.யில் அவள் தன்னைவிட அதிக மார்க் எடுத்தவள் என்பது அவனுக்கு நினைவில்லாமல் இல்லை. அதைப் பேச வேண்டிய சந்தர்ப்பம் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் வருடம் அவள் அதிகம் பேசவில்லை. இரண்டாம் வருடம் ஒருநாள், “ஏங்க, கெட்டிப்படுத்துற பவுடரப் போடாமப் பாத்தா என்ன?” என்று கேட்டாள். எண்ணெய் சூட்டில் இளகாமல் இருக்க பிரபு எப்போதும் ஒரு பாலிமர் பவுடரைச் சேர்ப்பான். அவனுடைய கலவைகளெல்லாம் அதை நம்பித்தான் நின்றன.

“அது இல்லாம சூட்டுல நிக்காது.”

“அதுதான குளிர்ல பிடிச்சுக்குது? அதுக்குப் பதிலா எஸ்டர் சேத்தா?”

“பாரேன்” என்றான், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பார்த்தாள். லேசான செயற்கை எண்ணெயோடு அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டரில் ஒரு வகையைப் பல அளவுகளில் கலந்து, பகல் வேலையெல்லாம் முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் சோதித்தாள். ஜூலையில், வெளியே தோப்பில் கடைசி மாங்காய்களை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு குப்பியைக் கையுறை போட்டு எடுத்துச் சாய்த்தாள். பெட்டியின் முள் மைனஸ் ஐம்பத்தைந்தில் நின்றது. குப்பிக்குள் எண்ணெய் அவசரமில்லாமல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வழிந்தது.

அவள் கத்தவில்லை. “ஏங்க, இங்கன வாங்களேன்” என்றாள்.

பிரபு வந்து பார்த்தான். குப்பியை வாங்கி அவனும் சாய்த்தான். வழிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே எங்கோ சுருக்கென்றது. “தெர்மாமீட்டர் சரியா இருக்கா?” என்று கேட்டான்.

அவள் முகத்தில் சிரிப்பு குறைந்தது. “மாத்திப் பாக்கட்டுமா?” என்றாள்.

தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

சேதி கேட்டு வீரணன் லேப்புக்கே வந்துவிட்டார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது அன்றைக்குத்தான். “ராணியம்மா, கம்பெனியத் தூக்கி நிறுத்திட்டீக” என்றார். பிறகு பிரபுவின் தோளில் தட்டி, “குடுத்து வச்சவருய்யா நீரு” என்றார். பிரபு சிரித்து வைத்தான். அந்தத் தட்டல் ராத்திரிவரை தோளில் இருந்தது.

ஆகஸ்டில் ராணியின் ஊரான ராயப்பன்பட்டியில் பனிமய மாதா திருவிழா. வருடா வருடம் போவார்கள். எண்ணெய்ச் சேதி அவர்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தது. மாமனார் இன்னாசி, திராட்சைத் தோட்டத்துக்காரர், அதிகம் பேசாதவர், அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் பேசினார். “பனியில ஓடுற எண்ணெயாம். எம்மக செஞ்சிருக்கா.”

“மாதாவே பனிமய மாதாதான, வேற யாரு குடுப்பா?” என்றார் ஒரு பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமியார் லூர்து மேரி பிரபுவின் இலையில் கறியை அள்ளி வைத்தாள். “மாப்பிள, நீங்க சொல்லிக் குடுத்ததுதான எல்லாம்?” என்றாள். அவனுக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அவனுக்கும் அது புரிந்தது, அதனாலேயே கோபம் வந்தது.

“நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? எல்லாம் ஒரு அதிர்ஷ்டம் அத்த. கண்ண மூடிக்கிட்டு எதையாச்சும் கலந்தா ஒண்ணு ரெண்டு விழத்தான செய்யும்?”

பரிமாறிக்கொண்டிருந்த ராணி நின்றாள். பிறகு அடுத்த இலைக்குப் போனாள். ஊர் திரும்பும்போது பைக்கில் அவனுக்கும் அவளுக்கும் நடுவே கைப்பையை வைத்துக்கொண்டாள்.

லேப்பில் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ச் சோதனைகள் ராணிக்கு, சூட்டுச் சோதனைகள் பிரபுவுக்கு. அவளுடைய எண்ணெயை அவன் அடுப்பில் வைத்து நாள்கணக்கில் வாட்டினான். செம்புத் தகட்டை உள்ளே போட்டு வாட்டினான், எஃகைப் போட்டு வாட்டினான். எண்ணெய் கறுக்கவில்லை, புளிக்கவில்லை. ஒவ்வொரு தடவை அடுப்புக் கதவைத் திறக்கும்போதும் கறுத்திருக்க வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்வதை அவன் கேட்டான். கேட்டுவிட்டு, வேலையில் இப்படித்தான் சந்தேகத்தோடு இருக்க வேண்டும் என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டான்.

டிசம்பரில் அவனுக்குத் தண்ணீர் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. பனி வண்டிக் கம்பெனிக்காரர்கள் அந்தச் சோதனையைக் கேட்கவே இல்லை. வண்டியின் டேங்க் முழுக்க மூடியது, உள்ளே ஈரம் போகாது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். ஆனால் எஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். சூட்டில் தண்ணீர் சேர்ந்தால் அது உடைந்து பழையபடி அமிலமாகிவிடும். பிரபு ராணியின் எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, செம்புத் தகட்டோடு குப்பியை அடைத்து அடுப்பில் வைத்தான். அவள் விடுப்பில் இருந்த வாரம் அது.

திறந்தபோது அமில வாடை மூக்கில் ஏறியது. தகடு கறுத்திருந்தது.

அவன் அந்தத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவனுக்கு நன்றாகப் பசித்தது. கேன்டீனில் இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான்.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் டேங்க் மூடியது. தண்ணீர் போகாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். போகாத தண்ணீருக்காக ஏன் கலவரம்? அதோடு இப்போது சொன்னால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். தகட்டை மேசை இழுப்பறையில் போட்டான்.

ஜனவரியில் வடக்கே சோதனை ஓட்டம். செய்தவரே வர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ராணி கிளம்பினாள். அவளுடைய முதல் கம்பளிக் கோட்டை வீரணனின் மனைவி மதுரையிலிருந்து தருவித்துக் கொடுத்தாள். விமான நிலையத்தில் ராணி பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்குங்க” என்றாள்.

“பாத்துக்கலாம். போயிட்டு வா.”

தேனி அல்லிநகரத்து வீட்டுக்குத் திரும்பித் தனியாக இருந்த நாட்களில் அவன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படங்கள் அனுப்பினாள். மஞ்சள் வண்டி, வெள்ளைச் சாலை, கோட்டுக்குள் மூக்கு மட்டும் தெரிகிற ராணி. விடியற்காலையில், மற்ற வண்டிகளை நெருப்பு மூட்டிச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய எண்ணெய் ஊற்றிய வண்டி சாவியைத் திருப்பியதும் கையைத் தூக்கிவிட்டதாம். டிரைவர்கள் கை தட்டினார்களாம். வீரணன் அந்தப் படங்களைக் கம்பெனி முழுக்கக் காட்டினார். பிரபுவின் மேசைக்கும் வந்தார். “பாத்தீரா?”

“பாத்தேண்ணே.”

ஐந்தாறு நாட்கள் கழித்து, சாயங்காலம் ஏழு மணிவாக்கில் அவள் போன் செய்தாள். பின்னால் காற்று இரைந்தது.

“ஏங்க, ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு டேங்க்ல பாத்தா எண்ணெய் லேசா வெள்ளையா இருக்கு. பால் கலந்த மாதிரி. இங்க உள்ள எஞ்சினியர் கேக்குறாரு, இது என்னன்னு. தண்ணியா இருக்குமோன்னு எனக்கு ஒரு இது. டேங்க் மூடியில சின்னதா ஒரு காத்துக்குழாய் வச்சிருக்காக, அத நம்மகிட்ட சொல்லவே இல்ல. அது வழியா பனி உருகி இறங்குமோ? சூட்டுச் சமாச்சாரம் நீங்கதான பாத்தீக, தண்ணி பட்டா இது தாங்குமா?”

பிரபு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இழுப்பறையில் கிடக்கிற கறுத்த தகடு கண் முன்னால் வந்தது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் அதே நொடியில் கை தட்டுகிற டிரைவர்களும் வந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த வீரணனும் வந்தார், பந்தியில் இன்னாசியும் வந்தார்.

“காத்தா இருக்கும்” என்றான். “பம்பு அடிக்கும்போது குமிழி விழும்ல, அதான் வெள்ளையாத் தெரியும். நின்னா தெளிஞ்சிரும்.”

“அப்ப ஓட்டலாமா?”

“ஓட்டு.”

“சரிங்க. நீங்க சொன்னாச் சரி” என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தோற்கட்டும் என்று நினைத்ததை அவன் தனக்கே மறைக்க முடியவில்லை. அங்கேயே, அத்தனை பேர் முன்னால் தோற்கட்டும். அதை நினைத்து வரவேண்டிய திருப்தி வரவில்லை. அதற்குப் பதிலாக அவள் ‘நீங்க சொன்னாச் சரி’ என்ற குரல்தான் வந்தது. பிறகு வேறொன்று வந்தது. வண்டியின் முன்னால் இருக்கிற இரும்புத் தகட்டின் அடிவிளிம்பு தேய்ந்தால், கையைத் தூக்கி நிறுத்திவிட்டு ஆட்கள் அடியில் படுத்துத்தான் மாற்றுவார்கள். அவள் அனுப்பிய ஒரு படத்திலேயே இருந்தது. தூக்கிய தகட்டுக்கு அடியில் இரண்டு ஜோடி பூட்ஸ் கால்கள். எண்ணெய் அமிலமானால் பம்பின் வெண்கலத்தைத் தின்னும். தின்ற பொடி வால்வில் போய் அடைக்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் தூக்கிய தகடு மேலே நிற்காது.

அவளைத் திரும்பக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டான். விடிந்ததும் கூப்பிட்டான். அதேதான்.

காலையில் வீரணன் கம்பெனிக்கு வருமுன்னே அவர் அறை வாசலில் நின்றான். உள்ளே போனதும் கறுத்த தகட்டை மேசையில் வைத்தான்.

“அண்ணே, வண்டிய உடனே நிறுத்தச் சொல்லணும். எண்ணெயில தண்ணி இறங்கிருக்கு. சூட்டுல தண்ணி பட்டா அது அமிலமாகும். இந்தாங்க, நானே வச்சுப் பாத்தது.”

வீரணன் தகட்டை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். அவர் முகம் கல் மாதிரி ஆனது.

“பிரபு, நான் ஒண்ணு சொன்னா மனசுல வச்சுக்கக் கூடாது. ஆறு மாசமா ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் மட்டும் இல்ல, இங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அந்தப் புள்ள அங்கன ஜெயிச்சுக்கிட்டு இருக்கு. இன்னைக்கு நாளைக்குள்ள ஆர்டர் கையில வந்துரும். இப்பப் போய் வண்டிய நிறுத்துன்னா?”

“அண்ணே...”

“பொண்டாட்டிதானய்யா. வேற யாருமா? கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதா?”

பிரபுவுக்கு வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. சொல்லியாயிற்று, அவர் நம்பவில்லை, இனி தன் மேல் பழி இல்லை. ஒரு விநாடி அந்த வழி திறந்து கிடந்தது. அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“பொறாமதாண்ணே. இல்லங்கல. தகடு கறுத்தது போன மாசம். அப்பவே சொல்லிருக்கணும், சொல்லல. நேத்து ராணி போன் பண்ணி, எண்ணெய் வெள்ளையா இருக்கு, தண்ணியான்னு கேட்டா. காத்துன்னு பொய் சொன்னேன். பொறாமையிலதான் பொய் சொன்னேன். இப்பச் சொல்றது பொய் இல்லண்ணே. வண்டித் தகட்டுக்கு அடியில ஆளுக படுத்து வேல செய்றாக.”

வீரணன் அவனைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. உடனே போனை எடுத்தார். அடிவாரத்தில் அந்தக் கம்பெனிக்கு ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே பேசி, அங்கிருந்து வயர்லெஸ்ஸில் மேலே சொல்லவைத்தார். அவருக்குத் தெரிந்த இந்தியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினார். வண்டியை நிறுத்து, அடியில் யாரும் போகாதே.

பதில் வர மத்தியானம் ஆனது. வண்டியை நிறுத்திக் கொட்டகைக்குள் விட்டுவிட்டார்களாம். தகட்டைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது அது தானாக, சத்தமில்லாமல் இறங்கித் தரையில் உட்கார்ந்ததாம். அடியில் யாரும் இல்லை.

வீரணன் போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். “போங்க” என்றார் பிரபுவிடம். “இன்னைக்கு வீட்டுக்குப் போங்க.”

ராணி நான்கு நாள் கழித்துத் திரும்பினாள். மூக்கு நுனி பனியில் வெடித்து உரிந்திருந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். தேனியின் மத்தியான வெயிலில் அந்தக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“வீரணண்ணன் நீங்க கண்டுபிடிச்சீகன்னு மட்டுந்தான் சொன்னாரு. மிச்சத்த ஒங்க வீட்டுக்காரரு சொல்லுவாருன்னாரு. சொல்லுங்க.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். தகடு, இழுப்பறை, போன்.

“நான் கேட்டேன்ல?”

“கேட்ட.”

“தண்ணியான்னே கேட்டேன். வெவரமாக் கேட்டேன். அந்த எஞ்சினியர் என்னயப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, காத்துதான்னு அவருகிட்டச் சொன்னேன். எவ்வளவு தைரியமாச் சொன்னேன் தெரியுமா?” அவள் குரல் உயரவில்லை. “அந்தத் தகட்டுக்கு அடியில காலையில நானும் போய்க் குனிஞ்சு பாத்தேங்க.”

பிரபு எழுந்து போய் மின்விசிறியைப் போட்டான்.

“என்னயக் கொல்லணும்னு நெனைக்கல. அது தெரியுது” என்றாள். “தோக்கணும்னு நெனச்சீக.”

“ஆமா.”

அவள் கோட்டைக் கழற்றினாள். அந்தப் பெட்டியைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு ராயப்பன்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கிருந்தே கம்பெனிக்கு வந்து போனாள். காலையில் முதல் பஸ், சாயங்காலம் திரும்ப. லேப்பில் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. வீரணன் ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார். இனிமேல் லேப் பொறுப்பு ராணியம்மாவிடம். பிரபு விரும்பினால் இருக்கலாம், விரும்பாவிட்டால் போகலாம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டது. போவதாகச் சொல்லி டிக்கெட்டும் எடுத்தான். கிளம்புகிற அன்று காலையில் லேப்புக்கு வந்து தன் சாமான்களை எடுக்கும்போது, ராணி வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தான். தண்ணீரைத் தாங்குகிற எஸ்டர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். தவறான பக்கம் தேடவில்லை, ஆனால் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

அவன் பையைக் கீழே வைத்தான்.

“மூலக்கூறுல கிளை நெருங்கின எஸ்டரப் பாரு” என்றான். “தண்ணி உள்ள நொழைய எடம் இருக்காது. சூட்டுல நான் கொஞ்சம் பாத்துருக்கேன்.”

அவள் திரும்பாமலே, “குளிர்ல கெட்டியாகும்” என்றாள்.

“ஆகும். அது ஒன் பாடு.”

அவள் மார்க்கரைப் பலகையின் விளிம்பில் வைத்தாள். “அந்தச் சோதனை ரிசல்ட்டெல்லாம் எங்க?” என்று கேட்டாள்.

கோயம்புத்தூர் பஸ் அவன் இல்லாமல் போயிற்று.

வடக்கத்திக் கம்பெனி கதவை அடைத்துவிடவில்லை. காற்றுக்குழாயைச் சொல்லாமல் விட்டது தங்கள் தப்பு என்று ஒத்துக்கொண்டு, அடுத்த குளிருக்கு மறுபடி வாருங்கள் என்றார்கள். அந்த வருடம் முழுக்க இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். அவன் சொன்ன எஸ்டர் சூட்டையும் தண்ணீரையும் தாங்கியது. ஆனால் மைனஸ் நாற்பதிலேயே உறைந்து நின்றது. அவள் அந்த உறைநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். அமிலம் உண்டானால் பிடித்துக்கொள்ள ஒரு மருந்தை அவன் சேர்த்தான். அது குளிரில் படிவாக இறங்கியது, அவள் வேறொன்றைத் தேடிக் கொடுத்தாள். தப்பு நடந்தால் யாருடையது என்று இருவருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஏப்ரலில், புனித வெள்ளிக்கு முந்தின நாள், அவள் பெட்டியோடு அல்லிநகரத்துக்குத் திரும்பி வந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தனி அறையில் படுத்தாள், மழைக்காலம் வரை.

அடுத்த ஜனவரியில் ராணிதான் மேலே போனாள். பிரபு போகட்டும் என்று வீரணன் சொல்லிப் பார்த்தார். பிரபு மாட்டேன் என்றான். வண்டி மாதக்கணக்கில் பனியிலும் சேற்றிலும் உழைத்தது. இந்தத் தடவை எண்ணெயில் வேண்டுமென்றே தண்ணீரும் கலந்து ஓட்டினார்கள். பம்பைக் கழற்றிப் பார்த்தபோது வெண்கலம் பளிச்சென்று இருந்தது.

ஆர்டர் வந்த அன்று வீரணன் கம்பெனிக்கு முன்னால் பந்தல் போட்டு எல்லோருக்கும் பிரியாணி போட்டார். ராணிக்குச் சால்வை போர்த்தினார். கூட்டம் கை தட்டியது. பிரபுவையும் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார். அதற்கும் தட்டினார்கள், கொஞ்சம் குறைவாக. அவன் அந்தக் குறைச்சலைக் காதால் அளந்துகொண்டுதான் நின்றான். நெஞ்சுக்குக் கீழே மறுபடி அந்தச் சுருக்.

வீட்டுக்குப் போகும்போது, பைக்கில், மதுரை ரோட்டு சிக்னலில் நின்ற இடத்தில் அவன் முகத்தைத் திருப்பாமல் சொன்னான்.

“ராணி, இன்னைக்கும் எனக்குப் பொறாமையாத்தான் இருந்துச்சு. நீ சால்வையோட நிக்கும்போது.”

அவர்களுக்குப் பின்னால் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

“தெரியும்” என்றாள். “நிக்கிற நிப்பே சொல்லுச்சு.”

“போகவே மாட்டேங்குது.”

“எனக்கும் இருந்துச்சுங்க. நான் பள்ளிக்கூடத்துல ஒரே பாடத்தப் பன்னண்டு வருசம் எடுத்தேன். நீங்க சாயந்தரம் வந்து, இன்னைக்கு அத வச்சேன், இத வச்சேன்னு லேப் கதையாச் சொல்லுவீக. எனக்கு அப்படியே எரியும். ஒங்களவிட மார்க் எடுத்தவ நானு.”

அவன் திரும்பிப் பார்த்தான். பத்தொன்பது வருடத் திருமணத்தில் இதை அவள் சொன்னதே இல்லை.

“அப்ப நீ என்ன செஞ்ச?”

“என்ன செய்ய? சோத்தப் போட்டேன்.”

பச்சை சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்த ஜீப்காரர் ஹாரன் அடித்தார். பிரபுவுக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போனபிறகு, “குழம்பு வைக்கணும், தக்காளி இல்ல, சந்தப் பக்கம் போங்க” என்றாள் ராணி.